சுவரில் வெளுத்த இடம்

பள்ளிக்கு டேப்லெட் வந்த அன்றே, சமூக அறிவியல் வகுப்பில் தொங்கிய இந்திய வரைபடத்தைக் கழற்றிச் சுருட்டி பீரோவில் போட்டார்கள். உடைந்துவிட்டால் யார் பதில் சொல்வது என்று, டேப்லெட்டையும் அதே பீரோவில் வைத்துப் பூட்டினார் தலைமையாசிரியர்.

“எந்த ஊரில் எந்தத் தெருவைக் கேட்டாலும் காட்டுவேன்,” என்றது டேப்லெட்.

“முதலில் வெளியே போய்க் காட்டு, தம்பி,” என்றது வரைபடம்.

“அதிகாரி வந்தால் எடுப்பார்கள். போட்டோவுக்கு.”

பீரோவின் கதவிடுக்கில் வகுப்பு தெரிந்தது.

“சூரத் எங்கே இருக்கு?” என்று கேட்டார் டீச்சர்.

செவ்வந்தி எழுந்தாள். அவள் அப்பா அங்கே சாயப்பட்டறையில் வேலை செய்கிறார். வரைபடம் இருந்தவரை தினமும் அந்த ஊரைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருவாள். இப்போது வரைபடம் தொங்கி வெளுத்திருந்த சுவரில் விரலை வைத்தாள்.

“இங்கதானே டீச்சர்?”

டீச்சர் வெறும் சுவரைப் பார்த்தார். “சரிதான், உட்காரும்மா,” என்றார்.

“சரியா வைத்தாளா?” என்று மெதுவாகக் கேட்டது டேப்லெட்.

“இல்லை. கடலுக்குள் வைத்துவிட்டாள்.”

டேப்லெட் தன் திரையைத் தகரத்தோடு சேர்த்துக் கவிழ்த்துக்கொண்டது. அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை இன்னும் யாரும் உரிக்கவில்லை.