பிடியரிசிக் கலயம்

இரண்டு வருஷமாக மழை இல்லை. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்க வந்த சபை உபதேசியார் அப்பாத்துரை, சனிக்கிழமை காலையில் கெசியாவின் வாசலில் பையோடு நின்றார்.

சமைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்கென்று ஒரு பிடி எடுத்துப்போட்ட கலயத்தைக் கெசியா கொண்டுவந்தாள். பாதிகூட நிறையவில்லை.

"கொழும்புக்குப் போன உன் வீட்டுக்காரங்கிட்டயிருந்து கடுதாசி வந்துச்சாம்மா?" என்றார் அவர்.

"செர்மன் சண்டையில கப்பலே ஒழுங்கா வரலையாம். வரும்யா."

"அப்போ இந்த வாரம் நீ தரவேண்டாம்."

"எல்லா வீட்டுலயும் வாங்குதிய. என் வீட்டை மட்டும் ஏன் விடுதிய? இல்லாதவங்களுக்குத்தான போகுது?"

அவர் அவள் முகத்தைப் பார்க்காமல் பையை விரித்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும், ஊரிலேயே ரொம்ப இல்லாத குடும்பத்துக்கு அந்த வாரத்து அரிசியை வேதக்கோயிலில் அளந்து கொடுத்தார்கள். ஆறு வாரமாகக் கொடுப்பதுபோலவே, கெசியாவின் முந்தானையில்தான்.

வீட்டில் உலை கொதித்தது.

"பசிக்கும்மா, சீக்கிரம் போடு" என்றாள் மகள் லில்லி.

"பொறுட்டி" என்றவள், முந்தானையிலிருந்து முதலில் ஒரு பிடி அள்ளிக் காலிக் கலயத்தில் போட்டாள். "சனிக்கிழமை உபதேசியாரய்யா வருவாவ."