கசந்த பால்

ஊசிமருந்து முழுவதும் உள்ளே போய்விட்டது. குடலிறக்க ஆபரேஷனுக்குப் படுத்திருந்த இரும்புக்கடை முதலாளி இன்னும் பேசிக்கொண்டிருந்தார்.

"என்ன டாக்டர், சரக்குல தண்ணி கலந்துட்டாங்களா?"

மயக்க மருந்து டாக்டர் சிரிக்கவில்லை.

"இது பார்பிச்சுரேட்ங்கற வகை மயக்க மருந்து. இதோட பங்காளி மருந்து எதையாவது தினம் முழுங்கறவங்களுக்குத்தான் இது சீக்கிரம் ஏறாது. தூக்க மாத்திரை போடறீங்களா? மறைக்காதீங்க. விவரம் தெரியாம இன்னும் ஏத்தினா மூச்சு நின்னுடும்."

"நானா? தலைவலிக்குக்கூட ஒரு மாத்திரை போட்டதில்ல."

பொய்யில்லை. பழைய இரும்புக்குச் சாயம் பூசி அவர் தலையில் கட்ட சந்தையில் இன்னும் ஒருத்தன் பிறக்கவில்லை. நாக்கும் அவ்வளவு கறார். ராத்திரிப் பால் கசக்கிறதென்று மூன்று பால்காரர்களை விரட்டியவர். நான்காமவன் பாலும் கசந்தது. ஊர் மாடெல்லாம் கூட்டுச்சேர்ந்துவிட்டன என்று முடிவுகட்டி, முகம் சுளித்துக்கொண்டே குடித்துவந்தார்.

கல்யாணமான புதிதில் அந்த நாக்குக்கு வேறொரு தொல்லை இருந்தது. சில நாள் விடிந்து எழுந்தால் கடிபட்டுப் புண்ணாகியிருக்கும். "தூக்கத்துலயும் பேரமா? நாக்கக் கடிச்சுக்கிட்டு!" என்று மனைவி கிண்டலடிப்பாள். பிறகு அது தானாகவே நின்றுபோனது.

இமை கனத்து மூடியது. காது மூடவில்லை.

டாக்டர் கதவைத் திறந்து மனைவியை உள்ளே கூப்பிட்டார். உயிர் விஷயம், சொல்லுங்கம்மா என்றார்.

அவள் குரல் கட்டிலருகே வந்து நின்றது.

"தூங்கிட்டாரா?"

பதிலுக்குக்கூட அவள் காத்திருக்கவில்லை.

"வலிப்பு மாத்திரை டாக்டர். கல்யாணமான வருஷத்துலேருந்து பொடிச்சுப் பால்ல கலந்து குடுக்கறேன். தூக்கத்துல வரும். தனக்கு வலிப்பு இருக்குன்னே அவருக்குத் தெரியாது. தெரிஞ்சா மனுஷன் ஒடிஞ்சுபோயிடுவாரு."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஆனால் விரலைக்கூட அசைக்கவில்லை. மூடிய இமைக்குள் மூன்று பால்காரர்களும் வந்து நின்று அவரையே பார்த்தார்கள்.

நெற்றியில் அவள் கை பட்டது.

வாயைத் திறக்காமல், மூச்சைச் சீராக இழுத்து விட்டுக்கொண்டு கிடந்தார். செருப்பில்லாத காலடிகள் நகர்ந்தன. கதவு சாத்திக்கொண்டது.

அப்புறம்தான் கண்ணைத் திறந்தார். நாக்கு குழறியது.

"டாக்டர்... அவ கேட்டா, நான் முன்னாடியே தூங்கிட்டேன்னு சொல்லிடுங்க."