தண்ணீர் இல்லாத தொட்டி

“என்னை வேண்டாம்னு சொல்ற முதலாளி இந்த அமெரிக்காவுலயே இன்னும் பொறக்கலை,” என்றான் கர்ட், குளியலறை வாசலில் நின்று டையைச் சரிசெய்தபடி.

அறைத் தோழன் சோரன் தண்ணீர் இல்லாத குளியல் தொட்டிக்குள் போர்வையைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். விளிம்பில் மூன்று ஷாம்பு பாட்டில்கள் அவனைப் பார்த்து வரிசையாக நின்றன. அவைதான் தேர்வுக் குழு.

பத்து மணிக்குத் தொலைபேசியில் நேர்காணல். பன்னிரண்டாவது. முந்தைய பதினொன்றிலும் ஒரே பதில்தான்: நல்லவர், ஆனால் இன்னும் கலகலப்பான ஆள் வேண்டும். இதுவும் போனால் இனி விண்ணப்பமே போடுவதில்லை என்று சோரன் முடிவெடுத்திருந்தான். இப்போதெல்லாம் போன் அடித்தாலே பயம். ஐந்து முறை மணி அடிப்பதற்கு முன் அவன் எடுத்ததே இல்லை.

“பாட்டில்கிட்டப் பேசிப் பழகறவனுக்கு எவன்டா வேலை குடுப்பான்?”

“இங்கதான் பக்கத்து வீட்டு டிவி கேக்காது. தொட்டியோட திரையை இழுத்துவிட்டா பயமும் கொஞ்சம் குறையுது.”

“அது என்ன சுவத்துல?”

ஒட்டியிருந்த அட்டையைக் கர்ட் உரக்கப் படித்தான். “‘நான் அதிகம் பேசமாட்டேன். ஆனா எடுத்த வேலையை முடிச்சிடுவேன்.’ இதைச் சொன்னா அடுத்த நிமிஷம் போனை வெச்சிடுவாங்க.”

“அதுதானே உண்மை.”

“உண்மையை யாருடா கேட்டா? பனி அள்ற மெஷினை ஜூலை மாசத்துல வித்தவன் நான். எப்படி? பேச்சு.”

“தெரியும். நாலு தடவை சொல்லிட்ட.”

“அப்பக் கெளம்பு. முனையில காபிக் கடை இருக்கு. நாலு பேர் நடுவுல உக்காந்து தைரியமா பேசு.”

“வெளிய மைனஸ் இருபது.”

“நல்லதாப் போச்சு. நடுக்கத்தைக் குளிர்மேல பழி போட்டுக்கலாம்.”

“நீ இன்னைக்கு உன் கடை வேலைக்குப் போகலையா?”

“லேட்டாப் போவேன். எந்திரிடா, நான் குளிக்கணும்.”

டை கட்டியவன் எதற்குக் குளிக்க வேண்டும் என்று சோரன் கேட்கவில்லை. கேட்கிற பழக்கம் இருந்திருந்தால் அவனுக்கு எப்போதோ வேலை கிடைத்திருக்கும்.

காபிக் கடையில் கூட்டம். பால் நுரைக்கும் இயந்திரம் இரைந்தது. சோரனுக்கு முதல் வரியே மறந்துபோனது. பத்தாகப் பத்து நிமிடம் இருக்கையில், அட்டையை எடுக்க வீட்டுக்கு ஓடி வந்தான்.

குளியலறைக் கதவு ஒருக்களித்திருந்தது. தண்ணீர் விழும் சத்தம் இல்லை. திரை முழுக்க இழுத்துவிடப்பட்டிருந்தது. சோரனின் போர்வை நுனி மட்டும் தொட்டிக்கு வெளியே தொங்கியது. உள்ளே கர்ட் போனில் பேசிக்கொண்டிருந்தான்.

“ஆமா மேடம். பழைய கடையில வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. ரெண்டு மாசமாச்சு.” போர்வை நுனி தொட்டிக்குள் இழுபட்டது. “என்னைப் பத்தியா?”



“நான்... அதிகம் பேசமாட்டேன் மேடம். ஆனா எடுத்த வேலையை முடிச்சிடுவேன்.”

வெளியில் நின்று கேட்டபோது அந்த வரி அப்படியொன்றும் மோசமாக இல்லை. சோரன் கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்தான். பத்து மணிக்கு, போன் முதல் தடவை அடித்ததுமே எடுத்தான்.