கடைசி வளைவில் நிற்பவள்

"அந்தம்மா இன்னிக்கும் வந்து நிக்கறாங்க, மாமா."

ஹெல்மெட்டைக் கழற்றியபடி சொன்னாள் சிட்டு. அவளுடைய பந்தய பைக்குக்கு மெக்கானிக் அவளுடைய அக்கா கணவர்தான். அவர் சங்கிலியை விட்டுத் தலை நிமிரவில்லை.

"நிக்கட்டுமே. உன் தோள்லயா ஏறி நிக்கறாங்க?"

பனி இன்னும் விலகவில்லை. ஓட்டத் தடத்தின் கடைசி வளைவு முடியும் இடத்தில், வேலிக்குப் பின்னால், மஞ்சள் மழைக்கோட்டு போட்ட ஒருத்தி நின்றிருந்தாள். மழை இல்லை. அவள் கை அசையவில்லை, தலை அசையவில்லை. முகம் மட்டும் வளைவை நோக்கியிருந்தது.

"போன வருஷம் அந்த வளைவுல ஒருத்தன் செத்தான்ல? அவனோட அக்கா" என்றான் பக்கத்துக் கொட்டகைப் பையன். வண்டியில் குந்தும் அழகுக்காக எல்லாரும் அவனைத் தவளை என்றே கூப்பிடுவார்கள். "தன் தம்பி போன மாதிரி இன்னொருத்தர் போறதைப் பார்க்கத்தான் வர்றாங்களாம். ஒரு பயிற்சி நாள் தவற விடறதில்ல."

"வாயைக் கழுவுடா" என்றார் மாமா.

அன்று தேர்வு ஓட்டம். காலையில் ஒன்று, மதியம் ஒன்று. இரண்டில் ஒன்றிலாவது வேகமாக முடிப்பவருக்கு அணியில் இடம். தவறினால் அடுத்த ஆண்டுவரை காத்திருக்க வேண்டும். மற்ற வளைவுகளில் சிட்டுவை மிஞ்ச ஆளில்லை. கடைசி வளைவு வந்தால் மட்டும் வேகத்தைக் குறைத்துவிடுவாள்.

"இதோ பாரு" என்றார் மாமா. "பிரேக்கை வளைவுக்கு முன்னாடியே முடிச்சிடு. உள்ளே போனதும் உடம்பை இறக்கு. முட்டி தரையைத் தொடலாம், மூக்கு தொடக்கூடாது. தலையைத் திருப்பி, வெளியே வர்ற இடத்தைப் பாரு. கண்ணு போற பக்கம்தான் வண்டி போகும்."

"அங்கதானே அவங்க நிக்கறாங்க! ஒவ்வொரு சுத்துலயும் என்னையே முறைக்கறாங்க மாமா. கண்ணை எடுக்கவே முடியல."

சிட்டு நேராகத் தட அதிகாரியிடம் போனாள்.

"அவங்க அங்க நின்னா நான் ஓட்ட மாட்டேன், சார்."

"யாருக்கும் ஒரு தொந்தரவும் பண்றதில்லையேம்மா..."

"எனக்குத் தொந்தரவு. வெளியே அனுப்புங்க."

காவலாளி போய்ச் சொன்னார். மஞ்சள் கோட்டுக்காரி வேலியை விட்டு நகர்ந்தாள். போகும்போது ஒரே ஒரு முறை நின்று, வளைவுக்கு எதிரே இருந்த சாம்பல் நிறச் சுவரைப் பார்த்தாள். பிறகு பனிக்குள் போய்விட்டாள்.

ஓட்டம் தொடங்கியது.

கடைசி வளைவு வந்தது. சிட்டு பிரேக்கை முன்பே முடித்தாள். உடம்பை இறக்கினாள். தலையைத் திருப்பினாள்.

அங்கே யாருமில்லை. பனியும் வேலியும்தான். எங்கே ஊன்றுவது என்று கண் தேடியது.

சுவர் இருந்தது.

இத்தனை நாள் அது இவ்வளவு பெரிதாக இருந்ததில்லை. பார்க்காதே, பார்க்காதே என்று தனக்குத் தானே கத்தினாள். கண் கேட்கவில்லை. யாரோ கயிறு கட்டி இழுப்பதுபோல் வண்டி நேராகப் போனது. சுவர் தானே நடந்து வந்தது.

ஓரத்துச் சரளையில் சக்கரம் புதைந்தது. சுவருக்கு ஒரு கை தூரத்தில் வண்டி சாய்ந்தது.

மாமா மூச்சிரைக்க ஓடி வந்தார். அவர் வாயில் கேலி வரவில்லை. "அடி பட்டுச்சா? கையை அசை, பார்க்கலாம்."

"அடியெல்லாம் இல்ல. அவங்க ஏதோ பண்ணிட்டாங்க மாமா. அனுப்பினதுக்குப் பழி வாங்கிட்டாங்க."

அவர் தடுப்பதற்குள் வாசலை நோக்கி நடந்தாள்.

வெளியே மதிலோரம் உட்கார்ந்திருந்தாள் மஞ்சள் கோட்டுக்காரி. சிட்டுவைக் கண்டதும் எழுந்தாள். தொட்டுப் பார்க்கப் போவதுபோல் கையை நீட்டி, பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"சத்தம் கேட்டுச்சு. சுவரைப் பார்த்துட்டியா?"

சிட்டுவுக்குப் புல்லரித்தது. "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"என் தம்பியும் அதைத்தான் பார்த்தான். ஹெல்மெட்டைக் கழற்றினப்பவும் அவன் கண்ணு அதுலயே நின்னுட்டிருந்தது." அவள் குரல் ஏறவுமில்லை, இறங்கவுமில்லை. "நீங்கல்லாம் பார்க்கறதுக்கு அங்க வேற ஏதாவது வேணும்னு தோணுச்சு. அதான், வளைவு முடியற இடத்துல வந்து நிக்கறேன்."

கொண்டுவந்த கோபத்தை எங்கே வைப்பதென்று சிட்டுவுக்குத் தெரியவில்லை.

"இதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே. நாங்க உங்களைப் பத்தி என்னென்னமோ பேசறோம். பேய்னுகூட..."

"பேசிட்டுப் போங்க. பாவம்னு தெரிஞ்சா முகத்தைத் திருப்பிக்குவீங்க. பயந்தாத்தான் கண்ணை எடுக்க மாட்டீங்க."

உள்ளே யாரோ ஒரு வண்டியை முறுக்கினார்கள். சிட்டு அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

"மத்தியானம் இன்னொரு ஓட்டம் இருக்கு. வந்து நில்லுங்கக்கா. ஆனா, கொஞ்சம் முறைக்காம நில்லுங்க."

"நான் முறைக்கறேனா?" அவள் லேசாகச் சிரித்தாள். "வண்டிச் சத்தம் கேட்டதுமே கண்ணை இறுக்கி மூடிக்குவேன், தங்கச்சி. அந்த வளைவுல ஒரு வண்டி வர்றதைப் பார்க்கற தைரியம் எனக்கு இன்னும் வரல."