தாடையில் குடியேறிய திருகாணி

கீழ்த்தாடையில் ஒரு கடைவாய்ப்பல் விழுந்து எட்டு வருஷமாயிற்று. அந்த இடத்து எலும்பு, தேய்ந்த சோப்புத் துண்டுபோல் மெலிந்திருந்தது. புதுப்பல்லைத் தாங்க வந்த டைட்டானியத் திருகாணி எட்டிப் பார்த்துவிட்டுக் கும்பிட்டது.

"பெரியவரே, கொஞ்சம் உடம்பைத் தேத்துங்க. நீங்க பிடிச்சுக்கலைன்னா என்னைக் குப்பையில போட்டுடுவாங்க."

"எட்டு வருஷமா நான் இளைச்சது யார் கண்ணுக்கும் படலை. இப்பதான் படுதாக்கும்," என்றது எலும்பு.

எலும்பை வளர்க்கும் புரதத்தில் பஞ்சை நனைத்து, டாக்டர்கள் ஈறுக்குள்ளே வைத்துத் தைத்தார்கள். புரதம் தன் கையால் ஒரு கல்லையும் எடுத்து வைக்கவில்லை. "வேலை இருக்கு, வாங்கப்பா" என்று அக்கம்பக்கத்துச் செல்களைக் கூப்பிட்டுவிட்டு, பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போய்விட்டது. செல்கள் ஆறு மாதம் உழைத்தன. எலும்பு கெட்டிப்பட்டதும் திருகாணியை இறக்கினார்கள். எலும்பும் அதை இறுகப் பிடித்துக்கொண்டது.

மேலே பீங்கான் பல் ஏறிய அன்று திருகாணியின் குரல் மாறிவிட்டது.

"யோவ், கொஞ்சம் தள்ளி உட்காருய்யா. இனிமே இங்கே நான்தான் நிரந்தரம்."

"சரிங்க," என்றது எலும்பு. "உங்களுக்கு முன்னால இங்கே இருந்தவருக்கு டாக்டருங்க வச்ச பேரே நிரந்தரப் பல்தான்."