முனைவருக்குப் பேன் பார்த்த மந்தி

கூண்டுக்குள் இருந்த மந்திக்கு, தன்னை ஆராய வந்த முனைவர் ஏகாம்பரத்தின் மேல் இரக்கம் உண்டு. பாவம், மனுஷன் ஒருநாளும் விளையாடி அது பார்த்ததில்லை.

அன்று ஆய்வுக்கூட இயக்குநர் வந்தார். கட்டிப் புரளும் குட்டிகளைப் பார்த்து, "விளையாட்டாவது மண்ணாவது! இதுங்களுக்கு ஏதுய்யா உணர்ச்சி?" என்றார்.

குரங்கும் சிரிக்கும் என்று நேற்றுவரை அடித்துச் சொன்ன ஏகாம்பரம், முப்பத்திரண்டு பல்லும் தெரிய, "கரெக்ட் சார், வெறும் சண்டை சார்" என்றார்.

"அவரு சிரிக்கிறாருடி!" என்றது பக்கத்து மந்தி.

"சிரிப்பா அது? நம்ம கூட்டத்துப் பெரிய கடுவன் முறைச்சா நாமளும் இப்படித்தானே பல்லைக் காட்டுவோம்? மனுஷன் பயந்துட்டாருடி."

இயக்குநர் போனதும் மந்தி கம்பி வழியே கை நீட்டி, ஆறுதலாக ஏகாம்பரத்துக்குப் பேன் பார்த்தது.

ஏகாம்பரம் ஆய்வைப் பதிவு செய்யும் கேமராவைப் பார்த்துச் சொன்னார்: "இரை தேடுகிறது. உணர்ச்சி எதுவும் தென்படவில்லை."