அஞ்சலையின் நிழல்

காலையில் பிள்ளைகள் பள்ளிக்கூட முற்றத்தில் நின்று, ஒருவர் நிழலை மற்றவர் கால்தடத்தோடு சாக்பீஸால் வரைந்தார்கள். அஞ்சலையைச் செல்லக்கிளி வரைந்தாள். பிறகு பெருக்கல், பாட்டு, களிமண் யானை. மதியச் சாப்பாடு முடிந்ததும் அஞ்சலையின் அப்பா வந்து, குடும்பத்தோடு செங்கல் சூளை வேலைக்குப் போவதாகச் சொல்லி அவளை லாரியில் ஏற்றிக்கொண்டார்.

மாலையில் எல்லோரும் அவரவர் தடத்தில் திரும்ப நின்றபோது நிழல்கள் எதிர்ப்பக்கம் விழுந்தன. கேட்டை ஒட்டிய ஒரு தடம் மட்டும் காலி.

"இப்ப அவ நிழல் எங்க விழும் டீச்சர்?"

"நீ நின்னு பாரேன்."

செல்லக்கிளி செருப்பைக் கழற்றிவிட்டு அஞ்சலையின் தடத்தில் ஏறி நின்றாள். டீச்சர் குனிந்து வரைந்துகொண்டே போனார். கம்பிக் கேட்டருகே சாக்பீஸ் நின்றது.

"கேட்டத் தொறங்க டீச்சர்," என்றாள் செல்லக்கிளி, அசையாமல். "அவ தல ரோட்டுல கெடக்கு."